அங்கணம் முதல் சிங்க் வரை

சாப்பிட்டு முடித்தோம். வயிறு நிறைந்தது. வேலை முடிந்ததா? இல்லை. பற்றுப் பாத்திரம் காத்திருக்கிறது.

சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, தட்டு, டம்ளர், கரண்டி. இன்று கழுவினால் நாளைக்கும் கழுவ வேண்டும். இந்த வேலைக்கு ஓய்வே கிடையாது.

பாத்திரம் கழுவும் இடத்தைப் பற்றி நாம் எப்போதாவது யோசித்தது உண்டா? அது ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது? அடியில் குழாய் ஏன் வளைந்திருக்கிறது? எவர்சில்வர் சிங்க் எப்படி வந்தது? வாருங்கள், பார்ப்போம்.

அக்காவின் கேள்வி

ஓசூர் சாலையில் இருக்கிறது பொம்மசந்திரா. தொழிற்பேட்டை உள்ள ஊர். 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலும் இங்கே வந்துவிட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் இங்கே ஏராளம். பலரும் லைன் வீடுகளில் இருக்கிறார்கள்.

எங்கள் மாலை வகுப்புக்கு ஒரு அக்கா வருவார். அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் கழுவும் வேலை அவருக்கு. ஒரு நாள் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, என் வீட்டில தரையில குந்திக் கழுவுறேன். இடுப்பு வலிக்குது. வேலைக்குப் போற வீட்டில நின்னு கழுவுறேன். அங்க தோள்பட்டை வலிக்குது. குந்தினாலும் வலி, நின்னாலும் வலி. எதுதான் சரி?"

நல்ல கேள்வி. உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. விசாரித்தேன், படித்தேன். தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

நம் பாட்டிமார் கழுவிய இடம்

அந்தக் காலத்தில் கிணற்றடிதான் பாத்திரம் கழுவும் இடம். சாம்பல், புளி, தேங்காய் நார். இவைதான் அன்றைய சோப்பும் பிரஷ்ஷும். கழுவிய தண்ணீர் வாழைக்கும் கருவேப்பிலைக்கும் போகும்.

சில வீடுகளில் அடுப்படியின் மூலையிலேயே ஒரு சிறிய பள்ளம் இருக்கும். சுற்றிலும் குட்டையான வரப்பு. சுவரில் ஓர் ஓட்டை. அதன் வழியாகத் தண்ணீர் வெளியே போகும். இதற்கு அங்கணம் என்று பெயர். தென் மாவட்டங்களில் அங்கணக்குழி என்றும் சொல்வார்கள். இது மிகப் பழைய சொல். திருக்குறளிலேயே வருகிறது.

கழிவுநீரை வெளியே அனுப்பும் அறிவு நம் துணைக்கண்டத்தில் இன்னும் பழையது. சிந்துவெளியில் மொகஞ்சதாரோ என்ற நகரம் இருந்தது. அது 4000 ஆண்டுகளுக்கும் முந்தியது. அங்கே வீட்டுத் தண்ணீர் செங்கல் வாய்க்கால் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போனது. சாக்கடைக்கு மூடியும் இருந்தது. கசடு தங்கி நிற்க இடையில் சிறு குழிகளும் இருந்தன.

அங்கணத்தில் நல்லதும் உண்டு, கஷ்டமும் உண்டு. பெரிய அண்டாவையும் தரையில் வைத்து உருட்டிக் கழுவலாம். ஆனால் குந்தி உட்கார வேண்டும். முன்னால் வளைந்து தேய்க்க வேண்டும். முழங்காலும் இடுப்பும் நோகும். தரை ஈரமாகவே இருக்கும். வழுக்கும்.

தொட்டி மேலே ஏறியது

குழாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. நின்று சமைக்கும் மேடையும் வந்தது. கழுவும் இடமும் தரையிலிருந்து மேலே ஏறியது.

முதலில் சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். பிறகு கடப்பா கல், மொசைக் தொட்டிகள் வந்தன. இவை விலை குறைவு. நெடுநாள் உழைக்கும். ஆனால் சொரசொரப்பில் அழுக்கு பிடிக்கும். இணைப்பில் தண்ணீர் கசியும். மூலைகள் சதுரமாக இருக்கும். அதில் சோறு ஒட்டிக்கொள்ளும். கரப்பான் வரும்.

வெள்ளைப் பீங்கான் சிங்க்கும் வந்தது. பார்க்க அழகு. துடைக்கச் சுலபம். ஆனால் கண்ணாடி டம்ளர் கை நழுவினால் உடைந்துவிடும். கனமான பாத்திரம் விழுந்தால் சிங்க்கே விரிசல் விடும்.

எவர்சில்வர் வந்த கதை

இரும்பு துருப்பிடிக்கும். எவர்சில்வரும் இரும்பிலிருந்து வந்ததுதான். பிறகு ஏன் அது சீக்கிரம் துருப்பிடிப்பதில்லை?

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்ற ஊரில் ஹாரி பிரேர்லி என்பவர் இருந்தார். துப்பாக்கிக் குழாய்க்கு ஏற்ற இரும்பை அவர் தேடினார். 1913-ல் இரும்போடு குரோமியம் என்ற உலோகத்தைக் கலந்து பார்த்தார். அது துருவுக்கு எளிதில் இடம் கொடுக்கவில்லை. அதே காலத்தில் ஜெர்மனியிலும் இதுபோன்ற உலோகத்தைக் கண்டுபிடித்தார்கள்.

குரோமியம் காற்றோடு சேர்ந்து மெல்லிய ஆடை போலப் படர்கிறது. பாலின் மேல் ஏடு படர்வது போல. இந்த ஆடை கண்ணுக்குத் தெரியாது. கீறல் விழுந்தாலும் தானாகவே மறுபடி படர்ந்துவிடும். உள்ளே இருக்கும் இரும்பை இதுதான் காக்கிறது.

தமிழ்நாட்டில் சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கத்தில் எவர்சில்வர் தகடு செய்யத் தொடங்கியது. எவர்சில்வர் பாத்திரமும் பரவியது, சிங்க்கும் பரவியது.

சிங்க்கை எப்படிச் செய்கிறார்கள்? ஒரே தகட்டை அச்சின் மேல் வைத்துப் பெரிய பிரஸ் இயந்திரத்தில் அழுத்துகிறார்கள். தகடு நீண்டு தொட்டி வடிவம் ஆகிறது. இணைப்பே கிடையாது. அதனால் கசிவும் கிடையாது. மூலைகள் உருண்டையாக இருக்கும். அழுக்கு தங்காது. நம் ஊர்ப் பட்டறைகளில் பிரஸ் இயந்திரத்தில் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

எவர்சில்வரிலும் வகை உண்டு. நல்ல வகையில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் இருக்கும். இதை 304 என்று சொல்வார்கள். மலிவு வகையில் நிக்கல் குறைவு. அது சீக்கிரம் புள்ளி விழும். "காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல சரக்கு" என்று கடைக்காரர் சொல்லலாம். அதை அப்படியே நம்ப வேண்டாம். மலிவு வகையிலும் பல காந்தத்தில் ஒட்டாது.

வீட்டு எவர்சில்வர் சிங்க்குக்கு இந்தியத் தரம் ஒன்று உண்டு. அதன் எண் ஐ.எஸ். 13983. வாங்கும்போது இந்த எண் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். தகட்டைக் கட்டை விரலால் அழுத்துங்கள். குழிந்தால் தகடு மெலிது என்று பொருள்.

உயரம் யாருக்கு ஏற்றது?

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம்.

சிங்க் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாது. கழுவுபவரின் உயரம்தான் கணக்கு.

நேராக நில்லுங்கள். கையை முழங்கையில் மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். சிங்க்கின் மேல் விளிம்பு அதைவிட 2 அங்குலம் முதல் 4 அங்குலம் வரை கீழே இருந்தால் நல்லது.

வகுப்பில் அக்காவை அளந்தோம். டேப்பில் இருந்த எண்ணை அவரே படித்தார். முப்பத்தாறு அங்குலம். ஆகவே அவருக்கு ஏற்ற சிங்க் 32 முதல் 34 அங்குலம்.

மறுநாள் அவர் வேலை செய்யும் வீட்டில் அளந்து வந்தார். நோட்டில் எழுதியிருந்தார்: 36. அதாவது சிங்க் விளிம்பு அவருடைய முழங்கைக்குச் சமமாக இருந்தது. அதனால் தோளைத் தூக்கித் தூக்கிக் கழுவினார். தோள் வலித்தது. அவருடைய வீட்டிலோ தரையே கழுவும் இடம். அங்கே இடுப்பு வலித்தது.

"அப்ப தப்பு என் உடம்புல இல்லையா?" என்று கேட்டார் அக்கா.

இல்லை. சிங்க் வைத்தவர்கள் கழுவுபவரை அளந்து பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

ஆழத்தையும் பார்க்க வேண்டும். 6 அங்குல ஆழத்தில் தண்ணீர் தெறிக்கும். பெரிய பானை அடங்காது. 10 அங்குல ஆழத்தில் தெறிக்காது. ஆனால் அடிவரை கை போக வேண்டும். முதுகு வளையும். பெரும்பாலான வீடுகளுக்கு 7 அல்லது 8 அங்குல ஆழம் போதும்.

கட்டிவிட்ட சிங்க்கை இடிக்க வேண்டுமா? வேண்டாம். சிங்க் உயரமாக இருந்தால் காலுக்கு அடியில் ஆடாத, வழுக்காத அகலப் பலகை போடுங்கள். சிங்க் ஆழமாக இருந்தால் உள்ளே ஒரு பேசினைக் கவிழ்த்து, அதன்மேல் வைத்துத் தேய்க்கலாம்.

சின்ன அடுப்படிக்கு ஒரு பெண்ணின் திட்டம்

ஜெர்மனியில் பிராங்பர்ட் என்ற நகரம். 1926-ல் அங்கே தொழிலாளர்களுக்காக நிறைய வீடுகள் கட்டினார்கள். அந்த வீடுகளுக்கு அடுப்படி எப்படி இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டவர் மார்கரெட்டே ஷூட்டே லிகோட்ஸ்கி என்ற பெண். கட்டடக் கலை படித்தவர்.

அந்த அடுப்படி சுமார் 6 அடி அகலம், 11 அடி நீளம். நம் லைன் வீட்டு அடுப்படி போலச் சிறியதுதான். அடுப்பிலிருந்து சிங்க்குக்கு எத்தனை அடி நடக்க வேண்டும், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கணக்குப் பார்த்தார். ரயிலில் உள்ள சமையல் அறையைப் பார்த்தும் கற்றுக்கொண்டார். சிங்க் பக்கத்திலேயே தண்ணீர் வடியும் பலகையும், தட்டுகளை நிறுத்தி வைக்கும் சட்டமும் வைத்தார். சுமார் 10,000 வீடுகளில் இந்த அடுப்படி வந்தது.

பின்லாந்து நாட்டில் மைய்யு கெபார்டு என்ற பெண் 1940-களில் இன்னொரு வழி கண்டார். சிங்க்குக்கு நேர் மேலே அடிப்பாகம் திறந்த அலமாரி. உள்ளே கம்பித் தட்டு. கழுவிய தட்டை அதில் வைத்தால் தண்ணீர் சிங்க்கிலேயே சொட்டும். துடைக்கும் வேலை மிச்சம்.

நம் வீட்டுச் சுவரில் மாட்டும் எவர்சில்வர் ஸ்டாண்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதை சிங்க்குக்கு நேர் மேலே மாட்டுங்கள். தரை நனையாது.

வளைந்த குழாயின் ரகசியம்

சிங்க்குக்கு அடியில் பாருங்கள். குழாய் நேராகப் போகாது. வளைந்து போகும். பிளம்பர் அதை ட்ராப் என்பார்.

அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. சாக்கடை நாற்றம் அதைத் தாண்டி மேலே வராது. கரப்பானும் சுலபமாக வராது. 1775-ல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் கழிப்பறைக்காக இப்படி வளைந்த குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு அந்த உத்தி சிங்க்குக்கும் வந்தது.

சில வீடுகளில் நெளியும் பிளாஸ்டிக் குழாயை நேராகத் தொங்கவிட்டிருப்பார்கள். அதனால்தான் நாற்றம் வரும். அந்தக் குழாயை "ப" எழுத்தின் வடிவில் வளைத்துக் கட்டுங்கள். வளைவில் தண்ணீர் நிற்கட்டும். ஊருக்குப் போய்ப் பல நாள் கழித்துத் திரும்பினால் நாற்றம் அடிக்கலாம். வளைவில் நின்ற தண்ணீர் காய்ந்திருக்கும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

சிங்க்கின் ஓட்டையும் மாறியிருக்கிறது. முன்பு தட்டையான ஜாலி மட்டும் இருந்தது. சோறு அதில் அடைத்துக்கொள்ளும். இப்போது எடுத்துக் கொட்டக்கூடிய சின்னக் கூடை வருகிறது. ஓட்டை நடுவில் இருந்தால் பாத்திரம் அதை மறைக்கும். அதனால் பல சிங்க்குகளில் ஓட்டையைப் பின்பக்கம் தள்ளி வைக்கிறார்கள்.

எண்ணெயை மட்டும் சிங்க்கில் ஊற்றாதீர்கள். அது குழாயின் உள்ளே படியும். அதன்மேல் சோறும் கசடும் ஒட்டும். கடைசியில் குழாய் அடைக்கும். எண்ணெய்ச் சட்டியை முதலில் பழைய காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

பெங்களூருவுக்குக் காவேரித் தண்ணீர் எப்படி வருகிறது தெரியுமா? சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருகிறது. சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு மூன்று இடங்களில் பம்பு வைத்து ஏற்றுகிறார்கள். அந்தத் தண்ணீர் கிடைக்காத இடங்களில் போர் தண்ணீரும் டேங்கர் லாரியும்தான் கதி.

2024 கோடையில் பெங்களூருவில் கடும் தட்டுப்பாடு வந்தது. போர்கள் வற்றின. அந்த மார்ச் மாதத்தில் ஓட்டல், கடை வளாகம் போன்ற இடங்களில் குழாய் முனையில் ஏரேட்டர் பொருத்த வேண்டும் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. ஏரேட்டர் என்பது குழாய் வாயில் திருகும் சின்னச் சல்லடை. அது தண்ணீரோடு காற்றைக் கலக்கும். தண்ணீர் குறைவாக வரும். ஆனால் கழுவப் போதுமானதாக இருக்கும்.

உங்கள் வீட்டுக் குழாயை நீங்களே சோதிக்கலாம். ஒரு வாளியை வையுங்கள். ஒரு நிமிடம் குழாயைத் திறந்து விடுங்கள். எத்தனை லிட்டர் நிறைகிறது? 8 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். குழாயை மூடாமல் 15 நிமிடம் கழுவினால்?

8 x 15 = 120 லிட்டர்.

இரண்டு பேசின் முறையில் கழுவினால்? தேய்க்க ஒரு பேசின், 10 லிட்டர். அலச ஒரு பேசின், 10 லிட்டர். கடைசியாகக் குழாயில் காட்ட 10 லிட்டர். மொத்தம் 30 லிட்டர்.

மிச்சம் 90 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 6 குடம்! இரட்டைத் தொட்டி சிங்க் வந்ததற்கும் இதுதான் காரணம். ஒன்றில் தேய்த்து ஒன்றில் அலசலாம். நமக்கு ஒரு சிங்க்கும் ஒரு பேசினும் போதும்.

குழாய் வாங்கும்போது வளைந்த நீளக் கழுத்துக் குழாயாகப் பாருங்கள். குழாய்க்கும் சிங்க்குக்கும் நடுவில் குடம் நிற்குமா என்று அளந்து வாங்குங்கள்.

சிங்க்கைக் காப்பது எப்படி?

* போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படியும். இரவில் சிங்க்கைத் துணியால் துடைத்து விடுங்கள். படிந்துவிட்டால் எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவுங்கள்.

* ஈரமான இரும்புக் கம்பி நாரை சிங்க்கில் விட்டு வைக்காதீர்கள். அதன் துரு சிங்க்கில் பிடிக்கும்.

* ஆசிட் ஊற்றாதீர்கள். அது எவர்சில்வரை அரிக்கும்.

* ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்காதீர்கள். விஷ வாயு கிளம்பும். உயிருக்கே ஆபத்து.

அக்கா என்ன செய்தார்?

வேலை செய்யும் வீட்டு அம்மாவிடம் நோட்டைக் காட்டினார். "எனக்கு 33, இங்க 36" என்றார். அந்த அம்மா 3 அங்குல உயரத்தில் அகலமான பலகை ஒன்று வாங்கிப் போட்டார். தோள் வலி குறைந்தது.

தன் வீட்டுக்கு? லைன் வீட்டு ஓனரிடம் கேட்டார். முதலில் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "சுவரை உடைக்க மாட்டோம். செலவும் எங்களுடையது" என்று நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து போய்ப் பேசினார்கள். பிறகு சரி என்றார்.

பக்கத்தில் இருக்கிறது ஜிகனி. அங்கே கிரானைட் அறுக்கும் பட்டறைகள் நிறைய உண்டு. வெட்டி மிஞ்சிய கல் குறைந்த விலைக்குக் கிடைத்தது. கொத்தனார் வேலை தெரிந்த பக்கத்து வீட்டு அண்ணன் செங்கல் வைத்து மேடை கட்டினார். ஒரு சின்ன எவர்சில்வர் சிங்க் பொருத்தினார்கள்.

முதல் நாள் தண்ணீர் ஓடவில்லை. குழாய்க்குச் சரிவு வைக்க மறந்திருந்தார்கள். மறுபடி கழற்றி, ஒரு அடி நீளத்துக்குக் கால் அங்குலம் சரிவு வைத்தார்கள். தண்ணீர் ஓடியது. வாசலில் தேங்கி நின்ற சகதியும் போனது. கொசுவும் குறைந்தது.

ஒரு வாரம் கழித்து அக்கா வகுப்பில் சொன்னார்: "இப்ப எங்க வீட்டுக்காரரும் கழுவுறார், கண்ணு. குந்திக் கழுவத்தான் அவருக்கு வெட்கமாம். நின்னு கழுவ வெட்கம் இல்லையாம்!"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் யோசிக்க வேண்டிய விஷயம் இது. 2019-ல் மத்திய அரசு ஒரு கணக்கெடுப்பு எடுத்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அப்போது ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். ஏறக்குறைய 5 மணி நேரம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். நாலு ஆண்களில் ஏறக்குறைய மூன்று பேர் வீட்டு வேலையே செய்யவில்லை.

சாப்பிடும் எல்லாருக்கும் கை இருக்கிறது. கழுவவும் அந்தக் கை உதவும் அல்லவா?

நீங்களும் செய்து பாருங்கள்

1. உங்கள் முழங்கை உயரம் எவ்வளவு? அளந்து எழுதுங்கள்.

2. உங்கள் வீட்டில் கழுவும் இடத்தின் உயரம் எவ்வளவு? இரண்டுக்கும் வித்தியாசம் என்ன?

3. உங்கள் குழாயில் ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் வருகிறது?

4. சிங்க்கின் அடியில் குழாய் வளைந்து இருக்கிறதா?

5. உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது யார்? ஒரு வாரம் குறித்து வையுங்கள். வீட்டில் எல்லாரும் சேர்ந்து படியுங்கள்.